அச்சாரம் கொடுக்கும் முன்னே…



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கடல் கிடையாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே கடல் இருந்ததற்குச் சாத்தனூர்க் கல்மரமும், அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கும் கல்லாகிப் போன சிப்பிகளும் சான்று பகர்கின்றன. இன்றோ வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓடுகின்றன, அவ்வளவே. அப்படியிருக்க, வெள்ளாற்றங்கரையை அடுத்த ஓர் ஊரில், ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில், சாக்குத் துணி போர்த்திய படகு எஞ்சின் ஒன்று நிற்கக் கண்டேன். கடலில்லா ஊரில் கடல் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவ்வீட்டுச் சகோதரி கண் கலங்கிச் சொன்னார்: “அண்ணே, நகையாகப் போனது இரும்பாகத் திரும்பி வந்திருக்கிறது.”

அந்த ஒரு வாசகமே இம்மாதக் கட்டுரைக்குக் கருவாயிற்று.

நடந்தது என்ன?

அச்சகோதரியின் கணவர் பதினோரு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்தவர். அவருடைய தங்கையைக் கடலோரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நம் ஊரைத் தொட்டுச் செல்லும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலப்பதைப் போல, நம் குடும்பங்களின் உறவும் ஆற்றோடு சென்று கடலோரத்தைத் தொடுவது புதிதன்று. “மச்சான், நாம் இருவரும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு கட்டுவோம், நான் கடலுக்குப் போகிறேன், இலாபத்தில் பாதிப் பாதி” என்று தங்கையின் கணவர் கேட்டார். நல்லெண்ணத்தோடு கேட்டார்; நல்லெண்ணத்தோடு இவரும் இசைந்தார்.

கடலோரத்தில் படகு கட்டும் கொட்டகை ஒன்றில் ஆர்டர் கொடுத்தார்கள். படகுக் கூட்டின் விலை மூன்றரை இலட்சம் என்று பேச்சு. மனைவியின் நகையை அடகு வைத்து முதலில் ரூ.1,50,000 ரொக்கமாகக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து, “ரெசின் விலை ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் வேண்டும்” என்ற சொல்லை நம்பி ரூ.1,00,000 கொடுத்தார். இரண்டுக்கும் சேர்த்து அரைத்தாளில் ‘வரவு’ என்று எழுதி ஒரு கையெழுத்து, அதுவே பத்திரம். எஞ்சினை மட்டும் வேறு கடையில் வாங்கினார். அக்கடைக்காரர் வங்கி வழியாகத்தான் பணம் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னதால், இவர் பெயரிலேயே ரசீது, எஞ்சின் எண்ணுடன் கிடைத்தது.

நான்கு மாதத்தில் முடியவேண்டிய படகு ஒன்பது மாதமாகியும் முடியவில்லை. பத்தாம் மாதம் கொட்டகையே பூட்டிக் கிடந்தது. வாடகை பாக்கிக்காக நிலத்துக்காரர் பூட்டியிருந்தார். உள்ளே முக்கால்வாசி முடிந்த படகு ஒன்றும், பாதியில் நின்ற படகு ஒன்றும் கிடந்தன. வெளியே அச்சாரம் கொடுத்தவர் ஏழு பேர் நின்றனர். ஏழு பேரும் அந்த முக்கால் படகைக் காட்டி, “இது என்னுடையது” என்றார்கள். எந்தப் படகிலும் எண் இல்லை, பெயரும் இல்லை. யாருடைய தாளிலும் நீளம் அகலம்கூட எழுதப்படவில்லை.

எஞ்சினுக்கு மட்டும் வழக்கு எழவில்லை. ரசீதை நீட்டினார், எண்ணை ஒப்பிட்டார்கள், வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். இரண்டரை இலட்சம் ரூபாய் இன்னும் வரவில்லை.

வாசகர்களே, இந்த நிகழ்ச்சியில் திருடன் எவருமில்லை என்பதைக் கவனியுங்கள். படகு கட்டியவர் கை தேர்ந்த தொழிலாளி. அவர் செய்த தவறு, முந்தைய படகை முடிக்கப் பிந்தைய வாடிக்கையாளரின் அச்சாரத்தைச் செலவிட்டது. ஆர்டர்கள் வந்துகொண்டிருக்கும் வரை இந்தச் சக்கரம் சுழலும். ஒரு பருவத்தில் ஆர்டர் குறைந்தால், கடைசியாகப் பணம் கொடுத்தவன் தலையில் வந்து நிற்கும். நீங்கள் கொடுத்த அச்சாரம் உங்கள் படகாக மாறுவதில்லை. உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பவரின் படகாக மாறுகிறது. ஆர்டரின் பேரில் செய்யும் தொழில்கள் பலவற்றிலும் உள்ள நோய் இது.

அச்சாரமா, முன்பணமா?

ஒரு பொருளை இனிமேல் செய்து தரச் சொல்லிக் கொடுக்கும் பணம், உண்மையில், செய்பவருக்கு நாம் ஈடின்றிக் கொடுக்கும் கடனே ஆகும். நாம் அதனைக் ‘கொள்முதல்’ என்று எண்ணுகிறோம். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, இன்னது என்று அடையாளம் காட்டப்படாத பொருளின் உடைமை வாங்குபவருக்கு மாறாது. அப்பொருள் உருவாகி, ஒப்படைக்கும் நிலையை எய்தி, இரு தரப்பின் இசைவோடு ‘இது இன்னாருக்கு’ என்று ஒதுக்கப்பட்ட பின்னரே பொதுவாக உடைமை மாறும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கொண்டால் நிலை வேறு. எழுதிக் கொள்ளாத ஏழு பேருக்கும் அந்த முக்கால் படகில் உரிமை இல்லாமற் போனதன் காரணம் இதுவே.

‘அச்சாரம்’, ‘முன்பணம்’ என்ற இரு சொற்களையும் நாம் ஒன்றாகவே வழங்குகிறோம். சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு. பேச்சை உறுதிப்படுத்தக் கொடுக்கும் அச்சாரத்தை, வாங்குபவர் பின்வாங்கினால், விற்பவர் வைத்துக் கொள்ள வழியுண்டு. விலையின் ஒரு பகுதியாகக் கொடுக்கும் முன்பணத்தை அவ்வாறு விழுங்கிவிட இயலாது. உண்மையில் நேர்ந்த நட்டத்துக்கு மட்டுமே கழிக்கலாம். உச்ச நீதிமன்றம் சதீஷ் பத்ரா வழக்கில் (2012) இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. ரசீதில் எழுதும் பெயர் மட்டுமே முடிவு செய்துவிடாது; கொடுத்ததன் நோக்கத்தையும் நீதிமன்றம் பார்க்கும். ஆயினும், ரூ.5,000 அச்சாரம் என்றும் எஞ்சியது விலையில் வரவு வைக்கும் முன்பணம் என்றும் பிரித்து எழுதிவிட்டால் பின்னாளில் வாதத்துக்கு இடமிராது.

நம் சட்ட நூல்கள் காட்டும் வழி

இந்தப் பிரச்சினை நம் முன்னோர்க்குப் புதிதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்குள்ளோர் ஓராண்டு, ஈராண்டு கழித்து வரவிருக்கும் பேரீச்சம்பழத்துக்கு முன்கூட்டியே விலை கொடுத்து வந்தனர். அந்த வழக்கத்தை அவர்கள் தடுத்துவிடவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். ‘ஸலம்’ என்னும் ஒப்பந்தத்தின் அடிப்படை அதுவே. திருமறையின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, தவணைக் கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பதை நாம் அறிவோம். அறிந்தும், உறவுக்குள்ளும் ஊருக்குள்ளும் எழுதிக் கேட்பதை அவமரியாதை என்று கருதுகிறோம்.

செய்யச் சொல்லி வாங்கும் ஒப்பந்தத்துக்கு ‘இஸ்திஸ்னா’ என்று பெயர். ஹனஃபி சட்ட அறிஞர்கள் இதனைத் தனி ஒப்பந்தமாகவே வளர்த்தெடுத்தனர். உதுமானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பின் 388ஆம் பிரிவு, இஸ்திஸ்னாவுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவனவற்றுள் ஒன்று, தச்சனிடம் படகோ கப்பலோ கட்டச் சொல்லுவதேயாகும். அதன் நீளம், அகலம், தன்மை ஆகியவற்றைக் கூறி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அது விளக்குகிறது. நம் ஏழு பேரின் அரைத்தாள்களில் இல்லாமற் போனவை அவைதாமே! 1992இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, பொருளின் வகை, தரம், அளவு, ஒப்படைக்கும் நாள் ஆகியவை குறிக்கப்பட்டால் இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று தீர்மானித்தது. விலை முழுவதையும் முன்னதாகக் கொடுக்க வேண்டியதில்லை, தவணைகளாகவும் கொடுக்கலாம் என்றும், தவிர்க்க இயலாத காரணமின்றித் தாமதித்தால் ஈட்டுத்தொகை என்று எழுதிக் கொள்ளலாம் என்றும் அத்தீர்மானம் கூறுகிறது.

அச்சாரம் அரபியில் ‘அர்பூன்’ எனப்படும். இதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹன்பலி அறிஞர்கள் அனுமதித்தனர். ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1993இல் புருனேயில் கூடிய அதே பேரவை, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் அர்பூன் கூடும் என்று முடிவு செய்தது. உங்கள் குடும்பம் எதனைப் பின்பற்றுவது என்பதை ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். எந்தக் கருத்தைக் கொண்டாலும், காலவரையறை இல்லாத அச்சாரத்துக்கு இடமில்லை.

பெரியவர்கள் எப்படிக் காத்துக் கொள்கிறார்கள்?

கோடிகள் புரளும் கப்பல் கட்டும் தொழிலிலும் அபாயம் இதுவே. அங்கே இரு பாதுகாப்புகள் நெடுநாள் வழக்கில் உள்ளன. முதலாவது, பணத்தை நாளின்படி கொடாமல் வேலையின்படி கொடுப்பது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது ஒரு தவணை, இரும்புத் தகடு வெட்டத் தொடங்கும்போது ஒன்று, ஏரா என்னும் அடிப்பாகம் வைக்கும்போது ஒன்று, நீரில் இறக்கும்போது ஒன்று, ஒப்படைக்கும்போது கடைசி. இரண்டாவது, கொடுத்த தவணைகளுக்கு வங்கியின் உத்தரவாதம். கப்பல் வராவிட்டால் கட்டுபவரின் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதில்லை; வங்கியிடம் கேட்டுப் பணத்தைப் பெறலாம்.

நம் நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. இந்தியக் கடற்படை ஐந்து ரோந்துக் கப்பல்களுக்குக் குஜராத்திலுள்ள தனியார் தளம் ஒன்றுடன் 2011இல் ஒப்பந்தம் செய்தது. பின்னர் ரிலையன்ஸ் நேவல் என்று பெயர் பெற்ற அத்தளம் குறித்த காலத்தில் கப்பல்களைத் தரவில்லை. அந்நிறுவனம் கொடுத்திருந்த வங்கி உத்தரவாதங்கள் பணமாக்கப்பட்டுவிட்டன என்று, 2018 டிசம்பரில் அப்போதைய கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லான்பா அறிவித்தார். கப்பல் கிடைக்காவிட்டாலும் கையில் ஒரு பிடி இருந்தது.

மீனவர்களுக்கான அரசுத் திட்டத்தையும் பாருங்கள். பாக் நீரிணைப்பின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் படகுகள் வழங்கும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டபோது, ஒரு படகின் விலை ரூ.80 இலட்சம் என்று கணக்கிடப்பட்டது. மத்திய அரசு 40 இலட்சம், மாநில அரசு 16 இலட்சம், வங்கிக் கடன் 16 இலட்சம், மீனவரின் சொந்தப் பங்கு 8 இலட்சம். அரசும் வங்கியும் உடன் நிற்கும்போது தளத்தைச் சோதிக்கவும் கேள்வி கேட்கவும் ஆள் உண்டு. தனியாகச் சென்று ரொக்கம் நீட்டும் நம்மவர்க்கு அப்படி எவர் உண்டு? அந்தக் கண்காணிப்பை நாமே செய்து கொள்ள வேண்டியதுதான்.

நாம் செய்யத் தக்கவை

முதலாவதாக, கொடுக்கும் முன் விசாரியுங்கள். கடைசியாகப் படகு பெற்றுச் சென்ற இருவரைத் தேடிக் கண்டு, சொன்ன நாளில் கிடைத்ததா என்று கேளுங்கள். கொட்டகையில் எத்தனை வேலைகள் பாதியில் நிற்கின்றன என்று கண்ணால் எண்ணுங்கள். ஆட்கள் குறைவாகவும் பாதி வேலைகள் அதிகமாகவும் இருந்தால், உங்கள் பணம் பழைய கணக்கைத்தான் தீர்க்கும். இடம் சொந்தமா வாடகையா என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவதாக, எழுதுங்கள். நீளம், அகலம், ஆழம், கண்ணாடியிழை எத்தனை அடுக்கு, எந்த மரம், ஒப்படைக்கும் நாள், தாமதித்தால் என்ன, கட்டுபவர் கைவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்ப வேண்டும் என்பன இடம்பெறட்டும். இரு சாட்சிகள் கையெழுத்திடட்டும். மச்சானோடு கூட்டு என்றால் அவரோடும் தனியே எழுதிக் கொள்ளுங்கள். உறவு கெடாதிருக்கவே எழுத்து.

மூன்றாவதாக, வேலையைப் பார்த்துப் பணம் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, ஒப்பந்தத்தின்போது ஐந்தில் ஒரு பங்கு, கூடு அச்சிலிருந்து வெளிவந்ததும் ஒரு தவணை, மேல்தளமும் எஞ்சின் இருக்கையும் முடிந்ததும் மற்றொன்று என்று வகுக்கலாம். இறுதி ஐந்தில் ஒரு பங்கை, தண்ணீரில் இறக்கிச் சோதித்த பின்னரே கொடுங்கள். “ரெசின் விலை ஏறிவிட்டது” என்று இடையில் கேட்டால், பணமாகக் கொடாமல் ரெசினாக வாங்கிக் கொடுங்கள்.

நான்காவதாக, இயன்ற வரை மூலப்பொருளை உங்கள் பெயரில் வாங்குங்கள். உங்கள் மரத்தையோ எஞ்சினையோ வேலைக்காக ஒருவரிடம் ஒப்படைத்தால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அது உங்கள் உடைமையாகவே இருக்கும். கூலி பாக்கிக்காக மட்டும் அவர் நிறுத்தி வைக்கலாம். தாழ்வாரத்து எஞ்சின் வீடு வந்து சேர்ந்தது இந்த விதியால்தான்.

ஐந்தாவதாக, படகுக் கூடு உருவான அன்றே அதில் எண் பதித்து, அந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதி, தேதியோடு படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். ‘இவ்வெண்ணுள்ள படகும் அதற்கென வாங்கிய பொருள்களும், கொடுத்த பணத்தின் அளவுக்கு வாங்குபவரின் உடைமை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், ஏழு பேர் ஒரு படகைக் காட்டும் நிலை நேராது. இவ்வரியை மட்டும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி எழுதுவது நல்லது.

ஆறாவதாக, ரொக்கம் வேண்டாம். ஒரே பரிவர்த்தனைக்காக இரண்டு இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடுத்துள்ளது. அதற்குக் குறைந்த தொகையாயினும் வங்கி வழியே அனுப்புங்கள். வங்கிக் கணக்கேடு பொய் சொல்லாது.

ஏழாவதாக, ஜாமீன் கேளுங்கள். சிறு கொட்டகைக்காரரால் வங்கி உத்தரவாதம் தர இயலாதிருக்கலாம். ஆனால், நாணயமான ஒருவர் ஜாமீன் கையெழுத்திடலாம். ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு பொதுவாகக் கடன்பட்டவரின் பொறுப்பிற்குச் சமமானதே. அதுவும் இயலாதெனில், இரு தரப்பும் நம்பும் ஒருவரிடம் பணத்தை அமானத்தாக வைத்து, வேலை முடிய முடிய விடுவிக்கச் செய்யலாம். ஜமாஅத்துகள் இத்தகைய அமானத்துப் பணியை ஏற்பது பற்றிச் சிந்திக்கலாமே!

படகோடு முடிவதில்லை

“எங்களுக்குப் படகு எதற்கு?” என்று கேட்கும் சகோதரிகளே, சற்று எண்ணிப் பாருங்கள். அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தகைய தச்சர்களிடம் நாம் வாசற்கதவு செய்யச் சொல்லுகிறோம். மகளின் திருமணத்துக்குக் கட்டிலும் பீரோவும் சொல்லி வைக்கிறோம். அரியலூர் சிமெண்ட் ஆலைகளை நம்பி லாரி வாங்குவோர், அதற்குப் பாடி கட்ட முன்பணம் கொடுக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பி ஊரில் வீடு கட்டுவோர், காண்டிராக்டருக்குத் தொலைபேசியிலேயே இலட்சங்களை அனுமதிக்கிறார்கள். எல்லாம் இஸ்திஸ்னாதான், எல்லாம் அந்த முக்கால் படகுதான்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர்க்கு மட்டும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அரண் செய்திருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில், எழுத்து ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தக் கட்டடத்துக்கே செலவிட வேண்டும். ஒருவர் அச்சாரம் மற்றவர் வீடாகாமல் தடுக்கும் ஏற்பாடு இது. சொந்த மனையில் கட்டும் வீட்டுக்கும், கதவுக்கும், படகுக்கும் இத்தகைய சட்டம் இல்லை. அங்கே ஒப்பந்தத் தாளே நமக்குச் சட்டம்.

பணம் சிக்கிக் கொண்டால்

முதலில், தேதியும் தொகையும் குறித்துத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். “பார்க்கலாம், அடுத்த மாதம்” என்ற சொற்களிலேயே காலம் கரைந்துவிடும். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு, பணம் கேட்கும் உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு என்பதே எல்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கட்டுபவர் கடலோரத்தில் இருந்தாலும், பெரம்பலூரிலோ அரியலூரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை ரூ.50 இலட்சம் வரையுள்ள வழக்குகள் அங்கே செல்லும். 5 இலட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இன்றியும் வாதிடலாம். வணிகத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்று விதி உண்டு. ஆயினும், தம் பிழைப்புக்காகத் தாமே உழைத்து நடத்தும் சுயதொழிலுக்கு வாங்குபவர் நுகர்வோரே. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதல் ஆலோசனை பெறலாம்.

கட்டுபவர் கம்பெனியாக இருந்து நொடித்துப் போனால்? சென்னை மெட்ரோ ரயில் பணியையொட்டி, பொருள் வழங்குவதற்காக ஹிட்ரோ எனர்ஜி என்ற நிறுவனத்துக்குக் கொடுத்த 50 இலட்சம் ரூபாய் முன்பணம் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பு அளித்தது. பொருளுக்காக முன்பணம் கொடுத்தவரும் திவால் சட்டப்படி கடன் கொடுத்தவராகவே கருதப்படுவார் என்பது அதன் சாரம். ஆனால், 2020 மார்ச் முதல் ஒரு கோடி ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்காக அந்த நடவடிக்கையைத் தொடங்க இயலாது. மேலும், ஈடு பெற்ற வங்கிகள் முன்னே நிற்க, ஈடில்லாத நாம் பின்வரிசையில் நிற்போம். தீர்ப்பு பெரியவர்க்கு உதவும். சிறியவர்க்கு முன்னெச்சரிக்கையே உதவும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்டினால்தான் அது மோசடிக் குற்றமாகும். தொழில் நொடித்து வாக்குத் தவறியது மட்டும் குற்றமாகாது.

தொழிலாளிக்கும் ஒரு சொல்

இதுவரை கொடுப்பவர் பக்கம் பேசினோம். வாங்கும் கையையும் மறந்துவிடலாகாது. ஒருவர் அளவுக்கென்று கட்டிய படகை, அவர் வாராது போனால், மற்றவர் வாங்குவது அரிது. ஆதலால் தச்சரும் படகு கட்டுபவரும் முன்பணம் கேட்பது நியாயமே. கேட்கத் தகாதது, செய்யாத வேலைக்கான பணம். தொழில் செய்யும் சகோதரர்கள் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் கணக்கு எழுதட்டும். ஒருவர் பணத்தில் வாங்கிய மரத்தை மற்றவர் கதவுக்கு இழைக்காதிருக்கட்டும். நாளைக்கு முடியாது என்றால் இன்றே சொல்லிவிடட்டும். அமானத் என்பது பூட்டி வைத்த பணத்துக்கு மட்டுமன்று, செலவு செய்யக் கொடுத்த பணத்துக்கும் உரியதே.

அச்சகோதரியின் கணவர் இப்போது பெரம்பலூர் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக் கொண்டிருக்கிறார். அரைத்தாள் ரசீதின் பின்புறத்தில் அவரே ஒரு பட்டியல் எழுதியிருந்தார்: படகின் நீளம், அகலம், தவணை நாள். “இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்” என்றார். மைத்துனரோடு மனக்கசப்பு இருந்தது. இப்போது இருவரும் சேர்ந்தே வழக்கை நடத்துகிறார்கள் என்பதில் ஓர் ஆறுதல்.

எஞ்சினை விற்றுவிடலாமே என்று கேட்டேன். விலை பேசி வந்தவர் ஒருவர் ஆயிரம் ரூபாய் அச்சாரம் நீட்டினாராம். அச்சகோதரி வாங்க மறுத்து, முதலில் தாளும் பேனாவும் எடுத்து வரச் சொன்னாராம்.

அந்தத் தாளும் பேனாவும் நம் வீடுகளிலும் பணப்பெட்டிக்கு முன்னே திறக்கப்படட்டும். அல்லாஹ் நம் உழைப்பின் பொருளைப் பாதுகாத்து அருள்வானாக.